ஆடியில் நாற்பது வீடு

ஜூலை 13, சனி

காலையிலிருந்தே காற்று. கொடியில் போட்ட புடவை பக்கத்து வீட்டுக் கூரையில். வாய் திறந்தால் புழுதி. சட்டசபையில் கொடுத்த டைரி, ஐந்து மாதமாக வெள்ளையாகக் கிடக்கிறது. இன்றைக்கு எடுத்தாயிற்று.

செய்ய வேண்டியவை:
– கீழக்காட்டு வீடுகளுக்குக் கதவு எப்போது வரும் என்று காண்ட்ராக்டரிடம் கேட்க. கேட்டது போதும். திட்ட.
– பனவடலிசத்திரம் ரேஷன் கடை, எடை குறைகிற புகார்.
– வீட்டுக்காரருக்குச் செருப்பு.
– என் மூக்குக்கண்ணாடி. இடது பக்கம் நூலில் நிற்கிறது.

கீழக்காட்டில் நாற்பது வீடு. ஒரு அறை, ஓர் அடுப்படி, முன்வாசல், பின்வாசல். எம்.எல்.ஏ. ஆகி உருப்படியாக என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு இதுதான் இருக்கிறது. இந்த நாற்பதிலும் ஜனங்கள் குடியேறிவிட்டால் அடுத்து அறுபது. ஃபைல் சென்னையில் தயாராக இருக்கிறது. ஒரே நிபந்தனை: வீடுகளை ஒப்படைத்த முப்பது நாளுக்குள் ஆள் குடியிருக்க வேண்டும். அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்ப்பார். ஆள் இல்லை என்றால் அறுபதும் வேறு தாலுகாவுக்குப் போய்விடும். எங்கோ ஓர் ஊரில் இப்படிக் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஆட்டைக் கட்டி வைத்திருந்தார்களாம். அதற்குத் தண்டனை எங்களுக்கு.

அந்த நாற்பது குடும்பமும் இப்போது இருப்பது யூனியன் சேர்மனின் தோட்டத்து ஓரத்தில், ஓலைக் குடிசைகளில். நிலம் அவருடையது. அவர் கூப்பிட்டால் வேலைக்குப் போக வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். வேறு தோட்டத்தில் கால் வைத்தால், "குடிசையைப் பிரிச்சுக்கிட்டுக் கெளம்பு." முப்பது வருஷமாக இதுதான் அங்கே சட்டம்.

நான் நர்ஸாக இருந்த காலத்தில் அந்தக் குடிசைகளில் பார்த்த பிரசவங்களுக்குக் கணக்கில்லை. ஒரு ஐப்பசி மழையில் கூரை மொத்தமும் ஒழுகி, பேச்சியம்மாள் குடை பிடிக்க, அவள் மருமகளுக்கு நான் பிரசவம் பார்த்தேன். பிள்ளை பிறந்து முதலில் நனைந்தது கூரைத் தண்ணீரில். அன்றைக்கு வந்த கோபத்தில்தான் தேர்தலுக்கு நின்றேன். இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

ஜூலை 15, திங்கள்

கதவு வந்துவிட்டது! நாற்பதும் ஒரே லாரியில். சித்திரையிலிருந்து ஆசாரி இல்லை, மரம் இல்லை, ஆணி இல்லை என்று இழுத்த காண்ட்ராக்டர் இன்றைக்குச் சிரித்துக்கொண்டே வந்து நிற்கிறார். இவர் சேர்மனின் மச்சினன். என்ன திடீர் ஞானோதயமோ. சந்தோஷத்தில் கேட்கவில்லை.

வந்தது முன்கதவு மட்டும். பின்வாசல் நாற்பதும் திறந்து கிடக்கிறது.

"பின்கதவுக்குப் பணம் பத்தலம்மா. பின்வாசலை யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாப்பேன். அடுத்த மாசம் ஒம்ம பில்லையும் பாப்பேன்."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பெருக்கல் கணக்கு போடுகிற முகம்.

கண்ணாடிக்காரன் கடை பூட்டு.

ஜூலை 16, செவ்வாய்

ஒப்படைப்பு. திருநெல்வேலியிலிருந்து என்ஜினீயர். பந்தல் இல்லை, மைக் இல்லை, ஒரு மேஜை, ஒரு குடம் பானகம். நாற்பது சாவியும் ஒரு சாக்குப்பையில். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, வீட்டுக்காரியின் கையில்தான் கொடுத்தேன். ஆண்கள் கையில் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். என்ஜினீயர் நீட்டின தாளில் கையெழுத்து, கீழே தேதி.

சேர்மன் வந்தார். மரியாதைக்கு இரண்டு புளியங்குடி எலுமிச்சம்பழம். "நெனச்சதைச் சாதிச்சுட்டீங்க நர்ஸம்மா." எம்.எல்.ஏ. என்று அந்த வாய் ஒரு நாளும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து இரண்டையும் பிழிந்து சர்க்கரை போட்டுக் குடித்தேன். நல்ல பழம்.

ஒன்று மட்டும் உறுத்தியது. சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்களே தவிர ஒருத்தியும் கதவைத் திறக்கவில்லை. வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பேச்சியம்மாள் என்னைப் பார்த்த பார்வைதான் சரியில்லை.

சாயங்காலம் அவர் டியூட்டி முடித்து வந்தார். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், எதற்கும் அவசரப்படாதவர். டிக்கெட் பையைக் கழற்றி வைத்துவிட்டு நாள்காட்டியைப் பார்த்தார்.

"ஏட்டி, நாளைக்கு என்னன்னு தெரியுமா?"

"புதன்."

"ஆடி ஒண்ணு."

கையில் இருந்த சாதம் அப்படியே நின்றது.

முப்பது நாள் என்றால் ஆகஸ்டு பதினாலோடு முடிந்தது. ஆவணி பிறப்பது பதினேழு. மூன்று நாள் இடிக்கிறது! ஆடியில் இந்த ஜில்லாவில் எவனும் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச மாட்டான். கதவு ஏன் நேற்று வந்தது, சேர்மன் ஏன் பழத்தோடு வந்தார் என்பதெல்லாம் இப்போதுதான் புரிகிறது. இந்த டைரியிலேயே ஒவ்வொரு பக்கத்திலும் தமிழ்த் தேதி பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு நாள் கணக்குப் போட்டே வயிறு வளர்த்தவள் நான். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேனே, மடச்சி.

ஜூலை 17, புதன்

கீழக்காடு. பேச்சியம்மாளிடம் நேராகவே கேட்டேன்.

"பேச்சியக்கா, நேத்தே சொல்லக் கூடாதா?"

"ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். எம்மெல்லே கையெழுத்துப் போடுதாவ, ஏதோ கணக்கு வச்சிருப்பாவன்னு."

முப்பது நாள் நிபந்தனையைச் சொன்னேன். அறுபது வீடு கைவிட்டுப் போகும் என்றும் சொன்னேன். சுற்றி நின்ற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். ஒருத்தியும் சரி என்று சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம். ஆடியாவது கீடியாவது, பிரசவத்துக்கு ஆடி பார்த்தா வலி வருது என்று கத்தினேன். எனக்கு ராகுகாலம், எமகண்டம் எதுவும் கிடையாது, அது ஊருக்கே தெரியும்.

பேச்சியம்மாள் கத்தவில்லை. "எங்க அம்மை அவுக குடிசையில பெத்தா, நான் அவுக குடிசையில பெத்தேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு வீட்டுக்கும் நாங்க நல்ல நாள் பாத்துப் போனதில்ல. மொத மொதல்ல சொந்த வீட்டுக்குப் போறோம். அதுக்கும் நல்ல நாள் பாக்கக் கூடாதுன்னா எப்படி நர்ஸம்மா? நாள் பாக்குறது மச்சுவீட்டுக்காரங்களுக்கு மட்டுமா?"

வெயிலில் நடந்தே வந்தேன், மூன்று மைல். கோபம் பாதி வழியில் அவர்கள் மேல் இருந்து கழன்று சேர்மன் மேல் போய் உட்கார்ந்தது. அங்கேதான் இருக்க வேண்டும்.

ஜூலை 19, வெள்ளி

திருநெல்வேலி, கலெக்டர் ஆபீஸ். காத்திருந்தது இரண்டு மணி நேரம். வந்த காரியம், பதினைந்து நாள் நீட்டிப்பு.

வீட்டுவசதி பார்க்கும் அதிகாரி இளவயசு, நன்றாகப் படித்தவர். பேச்சில் மரியாதை இருந்தது, வேறெதுவும் இல்லை. "மேடம், அரசாணையில் ஆடின்னு ஒரு மாசம் இல்லை."

"உங்க கல்யாணம் எந்த மாசம் சார் நடந்தது?"

"தை."

"ஏன், ஆடியில மண்டபம் கிடைக்கலையா?"

பக்கத்து மேஜை கிளார்க் குனிந்துகொண்டு சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. சென்னையிலிருந்து எழுத்தில் வந்தால் பார்க்கலாம் என்றார். ஆய்வுக்கு ஆள் எப்போது வருவார் என்பதைச் சொல்ல விதி இல்லையாம். சேர்மனுக்கு மட்டும் தெரிந்திருக்கும் என்று நான் சொல்ல விதி உண்டு, சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் எழுந்து இடம் கொடுத்தார். வேறு கண்டக்டர். என் வீட்டுக்காரராக இருந்தால் நிற்க வைத்திருப்பார்.

ஜூலை 20, சனி

சென்னைக்கு டிரங்க் கால். மூன்று தடவை போட்டு நாலாவது தடவை கிடைத்தது. அமைச்சரின் உதவியாளர், "ஐயா டூர்ல இருக்காங்க." கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். தந்தியும் கொடுத்தேன்.

மத்தியானம் கட்சியின் மாவட்டச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நானும் 'மாவட்டம்' என்றே எழுதுகிறேன்.

"அறுபது வீடு போனாப் போகுது. நாற்பது கட்டிட்டீங்கல்லா? கல்வெட்டுல பேரு இருக்கு. சேர்மனைப் பகைச்சுக்கிட்டு அடுத்த எலெக்சனுக்கு எந்த ஜீப்புல போவீங்க?"

"பஸ்ஸுல போவேன் அண்ணாச்சி. எங்க வீட்டுல ஒரு கண்டக்டர் இருக்கு."

மாவட்டத்துக்குக் கோபம். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மீதியை நான் குடித்தேன்.

ஜூலை 22, திங்கள்

சேர்மன் கூப்பிட்டு அனுப்பினார். போகக் கூடாது என்றார் என் வீட்டுக்காரர். போகாவிட்டால் பயந்துவிட்டாள் என்று பேசுவார்கள், போனேன்.

நாற்காலி போட்டார்கள். நர்ஸாக இருந்த காலத்தில் அவர் மகளுக்கே பிரசவம் பார்த்திருக்கிறேன், அப்போது மாட்டுத்தொழுவத்து வழியாகத்தான் உள்ளே. இப்போது நாற்காலி. காபி வந்தது. அவருக்கு வெள்ளி டம்ளர், எனக்குப் புத்தம் புது எவர்சில்வர், அடியில் கடைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. எனக்கென்றே வாங்கினது. நான் போன பிறகு அது எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும்.

"நர்ஸம்மா, நான் ஒண்ணும் வீடு கட்டுறதுக்கு எதிரி இல்ல. நீங்களே வாடகை வீட்டுல இருக்கீக. டவுனுக்குள்ள எனக்கு ஒரு வீடு சும்மா கெடக்கு. ஒங்க பேருக்கு எழுதித் தாரேன். அந்த அறுபதை மட்டும் விட்டுருங்க. ஆடிப்பட்டம் வெதைக்கிற நேரம், ஆளுக்கு நான் எங்க போவேன்?"

கடைசியில் வாயில் வந்துவிட்டது. ஆள்!

"அண்ணாச்சி, அந்த வீடு எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்பு, எம்.எல்.ஏ. ஆன புதிதில், அதே தெருவில் வாடகைக்கு ஒரு வீடு கேட்டு அலைந்தேன். முதலில் காலி என்பார்கள், நான் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று விசாரித்த பிறகு தங்கச்சி குடும்பம் வருகிறது என்பார்கள். அந்தத் தெருவில் எல்லோர் தங்கச்சியும் ஒரே வாரத்தில் வருகிறார்கள். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். "எம்மெல்லே எனக்கே இந்த ஊருல வீடு கிடைக்கலை. அப்ப அந்த நாற்பது பேருக்கும் அறுபது பேருக்கும் யாரு குடுப்பா? ஒங்க வீடு வேண்டாம் அண்ணாச்சி. எங்க வீட்டை நாங்களே கட்டிக்கிடுதோம்."

எழுந்து வரும்போது என் டம்ளரை அவருடைய வெள்ளி டம்ளரோடு ஒட்டி வைத்துவிட்டு வந்தேன். உரசின சத்தம் நன்றாகக் கேட்டது.

ஜூலை 24, புதன்

ஒன்றும் நடக்கவில்லை. சென்னையிலிருந்து பதில் இல்லை. கண்ணாடி ஒருவழியாகச் சரியானது. காற்று நிற்கவில்லை.

அவர் சாப்பிடும்போது, "அந்த நாற்பது வீட்டுல ஒண்ணுல நாம போய் இருந்துருவோமா?" என்றார். ஒரு வீட்டில் ஆள் இருந்தால் முப்பத்தொன்பது காலி என்று எழுதுவார்கள். ஆனாலும் கேட்டாரே. இருபத்தைந்து வருஷத்தில் இந்த மனுஷன் சொன்ன வார்த்தைகளில் நான் வைத்துக்கொள்ள விரும்புவது பத்துப் பன்னிரண்டு இருக்கும். இது அதில் ஒன்று.

ஜூலை 27, சனி

எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் சேர ஆரம்பித்தாயிற்று. இன்னும் நாலு நாள். வில்வண்டி, மாட்டுவண்டி, டிராக்டர். இளையரசனேந்தல் பக்கத்து ஜனங்கள் வருஷா வருஷம் முன்கூட்டியே வந்துவிடுவார்கள். மண்டபம், மரத்தடி, கடை வாசல், எங்கே பார்த்தாலும் மூன்று கல் அடுப்பு. என் வீட்டு வாசலிலும் ஒரு குடும்பம். யாரையும் கேட்கவில்லை, பாயை விரித்தார்கள்.

காலை பதினோரு மணிக்குப் பேச்சியம்மாள் வந்தாள். கூடவே மூன்று பெண்கள். அவள் என் வீட்டுக்கு இதுவரை வந்ததில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, விஷயத்தை ஊர் வம்பு மாதிரி ஆரம்பித்தாள்.

"நர்ஸம்மா, தபசுக்கு எங்க வீட்டுக்கு எட்டுப் பேரு வந்திருக்காவ. எம் மருமக வீட்டாளுக. இவ வீட்டுக்கு அஞ்சு. அவ வீட்டுக்குக் கைப்பிள்ளையோட ஏழு. குடிசையில காலை நீட்ட எடமில்ல."

"ஆமா, அதுக்கு?"

"விருந்தாளுகளைப் புது வீட்டுல தங்கச் சொல்லலாம்னு இருக்கோம்."

"விருந்தாளி தங்கினா அவுக பேரு லிஸ்ட்ல இல்லையே அக்கா."

"வந்தவுகளைத் தனியா விட்டுட்டு நாம இங்கன கெடக்க முடியுமா? மரியாதையா இருக்குமா? தொணைக்கு நாங்களும் போய்ப் படுத்துக்கிடுவோம்."

அவளையே பார்த்தேன். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. பின்னால் நின்ற மூன்று பேரும் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"ஆடியில புது வீட்டுக்குள்ள…?"

"குடி போகக் கூடாது. தங்கக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல. பால் காய்ச்ச மாட்டோம். வெளக்கு எடுத்துட்டுப் போக மாட்டோம். நெலைப்படியை மிதிக்க மாட்டோம்."

"நெலைப்படியை மிதிக்காம எப்படி உள்ள போவீக?"

"அதுதான் பின்வாசலுக்குக் கதவே இல்லையே!"

நான் சிரித்த சிரிப்பில் வாசலில் இருந்த இளையரசனேந்தல் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. காண்ட்ராக்டருக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, பின்கதவு போடாததற்குப் புகாரும் கொடுக்க வேண்டும்.

ஜூலை 29, திங்கள்

கீழக்காடு போனேன். நாற்பது வீட்டின் முன்கதவும் பூட்டு. நிலைப்படியில் தூசி அப்படியே. வீடுகளுக்குப் பின்னால் போனால் ஒரு ஊரே இருக்கிறது. பின்வாசலில் சாக்குப் படுதா. அடுப்பு வெளியே. கோழி, ஆடு, தொட்டில். வயசான ஒருவர் புதுத் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏலே, வழுவழுன்னு இருக்கு" என்று பேரனிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

ஓலைக் குடிசையிலேயே காலத்தைக் கழித்த என் அப்பா இருந்திருக்கலாம். காலில் மண் ஒட்டாத தரையில் ஒரு நாளாவது படுத்திருப்பார்.

ஜூலை 31, புதன்

தபசு. மேடையில் எனக்கும் இடம் போட்டிருந்தார்கள், போகவில்லை. கீழக்காட்டுப் பெண்களோடு கூட்டத்தில் நின்றேன். சுவாமி காட்சி கொடுக்கிற நேரம் சம்சாரிகள் நேர்ச்சைக்கு எறிகிற பருத்தியும் வத்தலும் சூறையாகப் பறந்தன. என் மண்டையில் ஒரு வத்தல். கண்ணில் எரிச்சல். எனக்குச் சாமி பூதம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டேன். கேட்டது ஒன்றே ஒன்று. இங்கே எழுத மாட்டேன், அறுபதில் முடியும்.

சேர்மன் மேடையில் பட்டு வேட்டி. என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்க்கட்டும்.

ஆகஸ்டு 1, வியாழன்

வந்துவிட்டார்கள்! ஆய்வு. காலை ஏழரைக்குக் கீழக்காட்டிலிருந்து சைக்கிளில் ஆள். கட்டின புடவையோடு ஓடினேன். சேர்மனின் ஜீப்பில்தான் வந்திருந்தார் அதிகாரி. வயதானவர், வழுக்கை, கையில் தோல்பை. அன்றைக்குப் பார்த்த இளவயசுக்காரர் இல்லை. தபசு முடிந்த மறுநாள் எல்லோரும் குடிசைக்குத் திரும்பியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டு சேர்மன் கூட்டி வந்திருக்கிறார்.

நான் போய்ச் சேர்வதற்குள் முன்னால் இருக்கிற இருபது வீட்டைப் பார்த்து முடித்துவிட்டார்கள். எல்லாம் பூட்டு. தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். சேர்மன் என்னைப் பார்த்து, "வாங்க நர்ஸம்மா. பாவம், இவ்வளவு பாடுபட்டும் ஒரு ஆளும் வரல" என்றார்.

"சார், பின்னால வாங்க."

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை. அதிகாரி மூக்கை நிமிர்த்தினார். நான் கூப்பிடுவதற்கு முன்பே நடந்தார்.

நாற்பது பின்வாசல். பாதிப்பேர் தூக்கத்திலிருந்து எழுந்த முகம். பிள்ளைகள் வாயில் வேப்பங்குச்சி. அதிகாரி படுதாவை விலக்கி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் பார்த்தார். பெயர் கேட்டு லிஸ்டில் டிக் போட்டார். முப்பத்தெட்டு. மீதி இரண்டில் ஒருத்தி புளியங்குடி ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு, இன்னொரு குடும்பம் தண்ணி எடுக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தது, ஓடிவந்து சேர்ந்தது. இரண்டுக்கும் டிக்.

"முன்வாசல் ஏன் பூட்டியிருக்கு?"

பேச்சியம்மாள் கரண்டியோடு நின்றாள். "ஆடிலா சார். முன்வாசல் வழியாப் போனா குடி போனதா ஆயிரும். இப்படின்னா தங்குனது."

சேர்மன் குறுக்கே விழுந்தார். "அதைத்தான் சார் நானும் சொல்லுதேன். இவுக குடி வரல. தங்கியிருக்காக. இவுக வாயாலயே சொல்லிட்டாக, எழுதிக்கோங்க."

இவ்வளவு செய்து கடைசியில் பேச்சியம்மாளின் உண்மையே எங்கள் கழுத்தைப் பிடிக்கிறதா?

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். "பயனாளிகள் வீட்டில் வசிக்கிறார்களா? ஆம், இல்லை. இதுதான் கேள்வி. எந்த வாசல் வழியா வசிக்கிறாங்கன்னு கேள்வி இல்லை." அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "என் மகள் புது வீடும் முடிஞ்சு பூட்டித்தான் கெடக்கு. வீட்டம்மா ஆவணி வரட்டும்னுட்டா." 'ஆம்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டார். கையெழுத்து. தேதி.

பேச்சியம்மாள் அவருக்கு ஒரு தட்டில் குழம்புச்சோறு நீட்டினாள். நான் அவர் கையையே பார்த்தேன். உட்கார்ந்து சாப்பிட்டார். சேர்மன் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பாடு முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அறுபது! அறுபது! அறுபது!

ஆகஸ்டு 2, வெள்ளி

எழுத்து இன்றைக்குக் கோணலாகத்தான் இருக்கும்.

நேற்று மத்தியானம் விருந்தாளிகளை பஸ் ஏற்றிவிட்டு, இன்று காலை எல்லோரும் மூட்டையோடு பழைய குடிசைகளுக்குத் திரும்பினார்கள். ஆவணி வரை அங்கே இருந்துவிட்டு நல்ல நாளில் பால் காய்ச்சலாம் என்று. குடிசை இல்லை. ஒன்றுகூட இல்லை. டிராக்டர் விட்டு ஏற்றி, ஓலையும் கம்பும் மண்ணுமாக ஒரே மட்டம். பானை, உரல், பிள்ளையின் ஸ்லேட்டு, எல்லாம் அதற்குள்.

சேர்மனின் ஆள் வரப்பில் நின்று சொன்னானாம், "புது வீட்டுக்குக் குடி போயிட்டீகன்னு கவர்மெண்டே எழுதிட்டுல்லா? பெறகு இங்க என்ன சோலி?"

போலீஸ் ஸ்டேஷன் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியில் அசையவில்லை. "ஆடிக் காத்துல சாஞ்சிருக்கும்மா. காத்துன்னு எழுதிக்கிடட்டுமா?"

"காத்துக்கு டயர் தடம் உண்டாய்யா?"

புகாரை நானே எழுதினேன். வாங்க மாட்டேன் என்றார். வாங்குகிற வரைக்கும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டே கால் மணி நேரம். தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. ரசீது வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். குடிசைக்காரர்களை விரட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, நானே சபையில் பேசியிருக்கிறேன். ஆனால் இவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இதை விட மாட்டேன், கோர்ட்டுக்குப் போவேன்.

ஆனால் உள்ளுக்குள் அறுக்கிறது. நான்தானே அந்த 'ஆம்'முக்கு ஆசைப்பட்டேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதானே சேர்மன் இடித்தான். நல்ல நாளில் போக வேண்டும் என்று பேச்சியம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று. அதை என்னால் கொடுக்க முடியவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். எழுதியாயிற்று, அழுதேன் என்று.

ஆகஸ்டு 3, சனி

கீழக்காட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள், ஒன்பதுக்குள் வரச் சொல்லி. போனால், நாற்பது வீட்டு வாசலும் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம். கலைந்த கோலம், காற்றில் மாவு நிற்கவில்லை. நிலையில் மாவிலைக்குப் பதில் வேப்பிலை.

"அக்கா, ஆடி…"

"ஆவணிக்கு இன்னும் ரெண்டு வாரம். அது வரைக்கும் பிள்ளைகளை எங்கன வைக்க? பின்வாசல் வழியாப் பதுங்கிப் பதுங்கிப் போறதுக்கு, போக்கிடம் இல்லாதவுகன்னு சேர்மன் சிரிக்கிறதுக்கு, நாங்க என்ன திருடுனோமா?" பேச்சியம்மாளின் கண் சிவந்திருந்தது. அழுது சிவந்ததோ தூங்காமல் சிவந்ததோ. "பால்தான் இன்னும் வரல."

பால் பஸ்ஸில் வந்தது. டிரைவரிடம் சொல்லி ஸ்டாப் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பெரிய கேனோடு இறங்கினார் என் கண்டக்டர். பஸ்ஸில் இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். ஒரு ஆள் ஜன்னலில் தலையை நீட்டி, "யாரு வீட்டு விசேசம்வே?" என்றான். "எங்க வீட்டு விசேசம்" என்றார் அவர். விசில் கொடுத்தார், பஸ் போய்விட்டது. இவர் இங்கேயே நின்றுவிட்டார். மெமோ வரும், வரட்டும்.

பேச்சியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தாள். புதுப் பூட்டு, திறக்க மாட்டேன் என்றது. இரண்டு கையாலும் திருகினாள். கதவு திறந்ததும் உள்ளே போகாமல் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு வலது காலை வைத்து நேராகப் போனாள். அவள் பின்னால் மருமகள். மழையில் பிறந்த அந்தப் பிள்ளை, இப்போது நாலு வயது, நிலைப்படியில் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

நாற்பது வீட்டிலும் பால் பொங்கியது. ஒரு வீட்டில் கூடுதலாகப் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது.

ஆகஸ்டு 5, திங்கள்

சென்னையிலிருந்து தந்தி. அறுபது வீட்டுக்கும் ஆணை வருகிறது. மாவட்டத்துக்கும் தெரிந்துவிட்டது, எனக்கு முன்பே மாலை வாங்கிவிட்டாராம்.

தந்தியோடு கீழக்காடு போனேன், காலை ஆறரை. லேசான தூறல், ஆடியில் அபூர்வம். ஜனங்கள் இன்னும் வேலைக்குக் கிளம்பவில்லை. சேர்மனின் ஆள் சைக்கிளில் வந்தான், அன்றைக்கு வரப்பில் நின்றவன்தான். தெரு முனையில் நின்று எப்போதும் போல் குரல் கொடுத்தான்.

"ஏலே, எல்லாரும் வாங்க! வெங்காயம் நடணும், நேரமாகுது!"

ஒரு கதவும் திறக்கவில்லை. மறுபடியும் கத்தினான். மூன்றாவது தடவை பேச்சியம்மாளின் கதவு திறந்தது. வெளியே வரவில்லை. நிலைப்படிக்கு உள்பக்கமாகவே நின்றாள்.

"வாரோம். இன்னைக்குக் கூலி எவ்வளவு?"

அவனுக்குப் புரியவில்லை. "என்னது?"

"கூலி எவ்வளவுன்னு ஒங்க மொதலாளிட்ட கேட்டுட்டு வா. மத்த தோட்டத்துலயும் கேட்டுருக்கோம். பெறவு யாரு தோட்டத்துக்குப் போறதுன்னு நாங்க பேசிக்கிடுதோம்."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.